தன்னம்பிக்கை வந்தது, ஸ்பேனர் வரவில்லை

மில் பஸ்ஸில் எனக்குப் பக்கவாட்டு இருக்கையில் ஒரு பெண் காற்றில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

காலை ஷிப்டுக்கு ராஜபாளையம் போகிற பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஏறும்போது பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் அந்தக் கூட்டணியில் சேர்ந்துவிடுவேன். அன்று ஏனோ தூக்கம் வரவில்லை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் மேகம் மலையின் இடுப்பு வரை இறங்கிவிட, உச்சி மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர்க்கோடுகள். யார் தலையிலிருந்தோ நேற்றைய பிச்சிப்பூவின் வாசம்.

தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு திட்டு உண்டு. அதில்தான் இருந்தேன். (நாள் முழுக்க நான் குடியிருப்பதே அங்கேதான் என்பாள் என் மனைவி.)

அந்தப் பெண் கண்களை மூடியிருந்தார். இடது கை, இல்லாத ஏதோ ஒரு சின்னப் பொருளைப் பிடித்திருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் அதை அரைச் சுற்று திருகின, நின்றன, கால் சுற்று பின்னால் வந்தன. பிறகு உதட்டைக் குவித்து மெதுவாக ஓர் ஊது. மறுபடி முதலிலிருந்து.

ஜெபம் என்று நினைத்தேன். பிறகு, மணிக்கட்டு வலிக்கு யாரோ சொல்லிக்கொடுத்த யோகா என்று நினைத்தேன். அப்புறம், நான்தான் கனவு காண்கிறேன் என்று முடிவு செய்தேன்.

மில் வாசலில் இறங்கும்போது கேட்டேவிட்டேன்.

"பேச்சியம்மா, பஸ்ல என்ன செஞ்சுக்கிட்டு வந்தீக?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒண்ணுமில்ல சார். கோயம்புத்தூர்ல சொல்லிக் குடுத்தாகள்ல, அத ஓட்டிப் பாத்தேன். செய்யாம செய்யாம கை மறக்குது சார்."

கோயம்புத்தூருக்கு அவரை அனுப்பியது யார்? நான்தான். அந்த மில்லின் பயிற்சி அதிகாரி. நான் வாங்கிக்கொடுத்த பயிற்சி என் கண் முன்னால் காற்றில் நடந்துகொண்டிருந்தபோது, அதை யோகா என்று நினைத்த மகான்.

சான்றிதழ் வியாபாரி

சென்ற வாரம் நான் ஹார்மோனியம் கற்ற கதையை எழுதியிருந்தேன். ஒரு வாசகி, "இப்போதும் வாசிக்கிறீர்களா?" என்று அன்போடு கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. அந்தப் பெட்டியின் மேல் இப்போது இஸ்திரி போட வேண்டிய துணி இருக்கிறது.

கற்றதைச் செய்யாமல் இருப்பதில் எனக்கு இயற்கையிலேயே ஒரு திறமை உண்டு. மதுரையில் ஒருமுறை நேர நிர்வாகத்தைப் பற்றி மூன்று நாள் வகுப்புக்குப் போனேன். முடித்துக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் தூங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, ராஜபாளையம் பஸ் நிலையத்தில் கண் விழித்தேன். கோபத்தை அடக்கும் பயிற்சிக்குப் போன இடத்தில், காபியில் சர்க்கரை இல்லை என்று பரிமாறியவரிடம் சண்டை போட்டேன். அந்தச் சான்றிதழ் இன்னும் என் சுவரில் தொங்குகிறது.

இப்படிப்பட்ட ஒருவனைத்தான் நூற்பாலைக்காரர்கள் பிடித்து, மற்றவர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்கிற நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நானும் குறை வைக்கவில்லை. ஆட்களை அனுப்புவேன், திரும்பி வந்ததும் சால்வை போடுவேன், போட்டோ எடுப்பேன், ரிஜிஸ்டரில் டிக் அடிப்பேன். டிக் அடித்ததோடு பயிற்சி முடிந்தது என்று மனதார நம்பினேன்.

பேச்சியம்மாளும் அப்படி டிக் அடிக்கப்பட்டவர்தான். கிருஷ்ணன்கோவிலில் பஸ் ஏறுகிறவர். நாற்பதைத் தாண்டியவர். எங்கள் மில்லில் கோனிங் பிரிவு ஆப்பரேட்டர். நூல் சுற்றும் நீளமான மெஷினில் வரிசையாக ட்ரம்கள் ஓடும். ஓடும் நூல் அறுந்தால், இரண்டு நுனிகளையும் காற்றடித்து முடிச்சே இல்லாமல் ஒட்டுவதற்கு ஒவ்வொரு ட்ரம்மிலும் ஒரு சின்னக் கருவி உண்டு. ஸ்ப்ளைசர் என்பார்கள். கோயம்புத்தூரில் பதினைந்து நாள் அதைக் கழற்றவும், சுத்தம் செய்யவும், திரும்ப மாட்டி அளவு வைக்கவும் கற்றுக்கொண்டு, வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர் அவர்.

வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஸ்ப்ளைசரையும் அவர் தொட்டிருக்கவில்லை.

விளக்குமாறு இல்லாத இடம்

அன்று அறைக்குப் போனதும் பழைய கட்டு ஒன்றைத் தேடி எடுத்தேன். தொழிலாளர்களின் எதிர்காலத் திட்டம் என்று ஒரு படிவம். நானே தயாரித்தது. "ஐந்து ஆண்டுகளில் எந்த இடத்தில் இருக்க விரும்புகிறீர்கள்?" என்று அதில் ஒரு கேள்வி.

வந்த பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு ரகம். ஒருவர் "கூமாப்பட்டியில், எங்கள் தோப்பில்" என்று எழுதியிருந்தார். ஒருவர் "இதே இடம், ஃபேனுக்குக் கீழே". பேச்சியம்மாள் எழுதியிருந்தது: "விளக்குமாறு இல்லாத இடத்தில்."

முதலில் படித்தபோது சிரித்தது நினைவிருக்கிறது. சிரித்துவிட்டுக் கட்டி வைத்தேன். பஸ் சம்பவத்துக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "உங்களுக்குத் தெரியாதா சார்? கோனிங்ல நாளு பூரா நடைதான். ஒரு ஷிப்டுக்கு எம்புட்டு நடப்போம்னு தெரியுமா? காலு தளந்தா யாரும் வீட்டுக்குப் போன்னு சொல்ல மாட்டாக. ஒரு நாள் காலையில வந்து நிக்கும்போது கையில விளக்குமாத்தக் குடுப்பாக. பஞ்சு பெருக்கு, செத்த நாளைக்குத்தான்னு. பொறவு அதுதான் வேல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா அவருடன் அதே மெஷினில் வேலை பார்ப்பவர். "போன மாசம் பூரா மேஸ்திரி இவ மூஞ்சியப் பாக்கவே இல்ல சார். காலத்தான் பாத்தாரு" என்றார்.

"முட்டி வீங்குது சார்" என்றார் பேச்சியம்மாள், தப்புச் செய்தவர் போல. "தையில ஒரு ஃபிட்டர் ஓய்வு பெறுதாருல்ல, அந்த எடத்துக்குப் பரீட்ச வைப்பாக. அதுக்குள்ள கை பழகணும். இல்லன்னா விளக்குமாறுதான்."

மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர் வேலையில் எங்கள் மில்லில் பெண் இருந்ததில்லை. தைக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. நான் அவருடைய எதிர்காலத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தேன்.

எனது வைத்தியம்

உடனே செயலில் இறங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே செயல் பயிற்சிக்கு அனுப்புவது. பயிற்சி பெற்றவர் பயிற்சியைச் செய்யவில்லை என்றால் அவருக்குத் தைரியம் போதவில்லை என்றுதானே அர்த்தம்? ஆகவே பேச்சியம்மாளை மதுரைக்கு, இரண்டு நாள் தன்னம்பிக்கை வகுப்புக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்தார். சால்வை போட்டேன். போட்டோ எடுத்தோம்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு சார். கண்ணாடி முன்னால நின்னு 'என்னால் முடியும்'னு நூறு வாட்டி சொல்லச் சொன்னாக. சொன்னேன். தன்னம்பிக்கை ரொம்ப வந்துருச்சு சார்." சால்வையை மடித்துக்கொண்டார். "ஸ்பேனர்தான் வரல."

ஜெசிந்தா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடைசியாகத் தொட்டவர்

ஸ்பேனர் ரவியிடம் இருந்தது. கோனிங் பிரிவின் ஃபிட்டர். பேச்சியம்மாளைவிட நாலைந்து வயது இளையவர். டூல் பாக்ஸின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சாப்பிடவே போவார். இவர்தான் வில்லன் என்று தீர்மானித்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன்.

"ஏன் ரவி, அந்தம்மாவத் தொட விட மாட்டேங்கீக?"

அவர் என்னைத் தூணருகே அழைத்துப் போனார். அங்கே ஆணியில் ஒரு நோட்டுத் தொங்கியது. கூடவே சணலில் கட்டிய பேனா. மெஷின் நம்பர், ட்ரம் நம்பர், கோளாறு, கடைசிக் கட்டத்தில் "கடைசியாகத் தொட்டவர்" என்று கையெழுத்து.

"இதுதான் சார் விசயம். ஒரு ட்ரம்மு நின்னா மொதல்ல இதத்தான் பொரட்டுவாக. கடைசியா யாரு பேரு இருக்கோ அவிய தலையிலதான் விடியும். போன வருசம் எனக்கு ஒரு மெமோ. அந்த ட்ரம்ம நான் தொடைக்கத்தான் செஞ்சேன், அம்புட்டுதான்."

"அவங்களே கையெழுத்துப் போடட்டுமே?"

"ஃபிட்டர் மட்டுந்தான் போடலாம். அக்காவுக்கு வேல தெரியாதுன்னு நான் சொல்லல சார். என்னைய விட நல்லாத் தெரியும். ஆனா அக்கா கழட்டுவாக, நோட்டுல ரவி இருப்பான். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

கையெழுத்துப் போட வேண்டுமானால் ஃபிட்டராக இருக்க வேண்டும். ஃபிட்டர் ஆக வேண்டுமானால் கை பழக வேண்டும். கை பழக வேண்டுமானால் தொட வேண்டும். தொட்டால் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஆட்களைக் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலமெல்லாம், அந்தப் பயிற்சிகளை விழுங்கிய நோட்டு என் அறையிலிருந்து நூறடி தூரத்தில், சணல் பேனாவோடு தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மேனேஜரிடம் போனேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எதற்கும் "சரே" என்று ஆரம்பிப்பார். அது சம்மதம் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

"சரே. பழகட்டும். ஆனா நோட்டுல ஒரு பேரு இருக்கணும். பேரில்லாத மெஷின் அநாத மெஷின். ரவி பேரு வேண்டாம்னா யாரு பேரப் போடுவீங்க?"

என் வாய்க்கு ஒரு வியாதி. தலையைக் கேட்காமல் திறந்துகொள்ளும்.

"என் பேரு சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். என் வீட்டில் பல்பு மாற்றப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வருவார் என்பது அவருக்குத் தெரியும்.

ஏழாம் நம்பரின் ஃபிட்டர்

ஏற்பாடு இதுதான். ஏழாம் நம்பர் மெஷின் புதன்கிழமை காலையில் சுத்தம் செய்ய நிற்கும். அதன் கடைசிப் பத்து ட்ரம்கள், ஒரு மணி நேரம், பேச்சியம்மாளுக்கு. டூல் பாக்ஸை ரவி திறந்து கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பேச்சியம்மாளின் ட்ரம்களை ஜெசிந்தா சேர்த்துப் பார்த்துக்கொள்வார். தை வரைக்கும் அந்தப் பத்து ட்ரம்களையும் கடைசியாகத் தொட்டவர், சட்டப்படி, நான்.

முதல் புதன்கிழமையே மூன்று ட்ரம்கள் மதியம் நின்றன. ஒட்டிய நூலெல்லாம் பிரிந்துகொண்டு வந்தது. சாயங்காலம் என் மேஜையில் மெமோ.

பேச்சியம்மாள் கண் கலங்கி வந்து நின்றார். "என்னாலதான சார்…"

"ஏம்மா, எனக்கு வருசம் பூரா யாரும் ஒரு கடுதாசி போடுறதில்ல. இதாவது வந்துச்சே" என்றேன். யோசித்துப் பார்த்தால், என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒன்றுக்குச் சாட்சியாக இருக்கிற காகிதம் அது ஒன்றுதான்.

செய்தி மில் முழுக்கப் பரவிவிட்டது. "ஃபிட்டர் சார், கேன்டீன் குழாய் ஒழுகுது" என்று ஒருவர். "ஃபிட்டர் சார், என் சைக்கிள் செயின்" என்று இன்னொருவர். செக்யூரிட்டி எனக்குச் சல்யூட் அடிப்பதை நிறுத்திவிட்டு, தோளில் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்.

ஆனால் இரண்டாவது புதன்கிழமை நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கை கட்டி நின்றுகொண்டிருந்த ரவி, சட்டென்று குனிந்தார்.

"அக்கா, அங்கதான் தப்பு. காத்து போற ஓட்டைய முழுசா ஊதி விடாம மூடிட்டிய. போன வாரமும் அதான்."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, ஏலே?"

"அன்னைக்கி எம் பேரு வந்துருமோன்னு பயம்."

தன் பேர் போகாது என்று தெரிந்த மனிதருக்கு வாய் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு மூடவே இல்லை. மூன்றாவது வாரம், கோயம்புத்தூரில் பார்த்த ஒரு சின்னப் பிரஷ் விஷயத்தைப் பேச்சியம்மாள் சொல்ல, ரவி அதே பிரஷ்ஷைத் தன் சொந்த மெஷின்களுக்கும் வாங்கிக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமைக் காலைகளை நினைத்தால் இன்றும் எனக்கு உறக்கம் கலந்த ஒரு சுகம் வருகிறது. கூடம் முழுக்க மெஷின்களின் இரைச்சல். நடுவில் ஏழாம் நம்பர் மட்டும் ஒரு குளம் போல அமைதியாகக் கிடக்கும். நூல் காய்ந்து அறாமலிருக்க, மேலே குழாய்களிலிருந்து நீர்ப்புகை மெல்ல இறங்கும். அதன் ஊடே பஞ்சுத் துகள்கள் அவசரமே இல்லாமல் மிதந்து வந்து எங்கள் முடியிலும் புருவத்திலும் உட்காரும். பார்த்தால் நாங்கள் எல்லோரும் ஒரே காலையில் வயசாகிப்போனவர்கள் மாதிரி இருப்போம். பேச்சியம்மாளின் விரல்கள் அரைச் சுற்று திருகும், கால் சுற்று பின்னால் வரும். கண் இப்போது திறந்திருந்தது, கைக்குள் இப்போது உண்மையாகவே ஒன்று இருந்தது. நான் பஞ்சு மூட்டையில் சாய்ந்து மேற்பார்வை செய்வேன். ஒருமுறை என் மேற்பார்வையின் குறட்டைச் சத்தம் கேட்டதாக ஜெசிந்தா புகார் சொன்னார்.

பன்னிரண்டு இழுப்பு

பொங்கல் முடிந்து பரீட்சை வைத்தார்கள். வெளியிலிருந்து இரண்டு பேர், ஐ.டி.ஐ. படித்த வாலிபர்கள். மூன்றாவது பேச்சியம்மாள். ஏழாம் நம்பரைக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். மேனேஜர் அவரை இரண்டாம் நம்பருக்குக் கூட்டிப் போனார். ஒருநாளும் தொடாத மெஷின்.

"ஒரு ஸ்ப்ளைசர். கழட்டி, சுத்தம் பண்ணி, மாட்டி, ஓட்டிக் காட்டுங்க."

எனக்குப் பேச்சியம்மாளின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. காலைப் பார்த்தேன். மேஸ்திரி செய்ததையே நானும் செய்கிறேன் என்று உறைத்ததும் மேலே கூரையைப் பார்த்தேன்.

வேலை முடியும் முன்பே மேனேஜர் பேச ஆரம்பித்தார். "சரே, இது சின்னக் கருவி. பெரிய வேலை வரும்மா. மோட்டாரத் தூக்கணும். என்ன பண்ணுவீங்க?"

பேச்சியம்மாள் கையிலிருந்த பிரஷ்ஷை நிறுத்தவில்லை. "ரவியும் தனியாத் தூக்க மாட்டான் சார். ரெண்டு பேராத்தான் தூக்குவாக. அந்த ரெண்டாவது ஆளா நான் இருந்துட்டுப் போறேன்."

ரவி வேகமாகத் தலையாட்டினார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ட்ரம் ஓடியது. மேனேஜர் வேண்டுமென்றே நூலை அறுத்தார். ஸ்ப்ளைசர் கிளிக் என்று காற்றடித்து ஒட்டியது. ஒட்டிய இடத்தை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். நூல் அறுந்தது. என் இதயமும் கூடவே.

ஆனால் அவர் அந்த நூலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒட்டிய இடம் அப்படியே இருந்தது. அதற்கு நாலு விரற்கடை தள்ளி அறுந்திருந்தது. மறுபடி அறுத்தார், ஒட்டவிட்டார், இழுத்தார். பன்னிரண்டு தடவை. பன்னிரண்டும் வேறு இடத்தில்தான் அறுந்தன.

கடைசி இழையை விரலில் சுற்றிக்கொண்டே, "சரே" என்றார்.

நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாசி ஒண்ணாந்தேதியிலிருந்து வந்துருங்க."

மாசி

முதல் நாள் வேடிக்கை பார்க்க எனக்கு வேலையே இல்லாத ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டு கோனிங்குக்குப் போனேன்.

ஃபிட்டர்களுக்கு என்று ஒரு குட்டி முக்காலி உண்டு. ஸ்ப்ளைசரைக் கழற்றி மடியில் துணி விரித்து வைத்து, அதில் உட்கார்ந்துதான் சுத்தம் செய்வார்கள். ஆப்பரேட்டர்கள் அந்தக் கூடத்தில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் மெமோ. பேச்சியம்மாள் அந்தக் கூடத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவர் முக்காலியை இழுத்துப் போட்டார். ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு, அது தாங்குமா என்று பார்ப்பவர் போல மெதுவாக உட்கார்ந்தார்.

தூரத்திலிருந்து மேஸ்திரியின் குரல் பாய்ந்து வந்தது. "ஏட்டி, யாருட்டி அங்க உக்காந்திருக்கது? எந்திரி!"

பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"ஃபிட்டரு, அண்ணாச்சி" என்றார்.

பிறகு வீங்கிய முட்டிகளை மெல்ல நீட்டி, இரண்டு காலையும் நடைபாதையில் நன்றாக விரித்துப் போட்டுக்கொண்டார். மேலிருந்து பஞ்சு இறங்கி அவர் பாதங்களின் மேல் படிந்தது. அவர் தட்டிவிடவில்லை. குனிந்து வேலையைப் பார்த்தார்.